ஜி.எஸ்.எம். தராசில் ஒரு பல்லி

போன மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. வீரபாண்டியில், பனியன் துணியில் குறை பார்க்கிற என் செக்கிங் யூனிட். அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது பாருங்கள்.

நான். என் மனைவி சாந்தாமணி. கல்யாணமாகி மூன்று மாதமான எங்கள் ஒரே மகள் நிவேதா. மாப்பிள்ளை கார்த்தி. மாப்பிள்ளையின் அம்மா, அதாவது குன்னத்தூர் சம்பந்தியம்மா. ஓவர்டைம் பார்க்க வந்திருந்த ஸ்டெல்லா. ஆக, ஆறு பேர்.

ஏழாவதாக ஒரு பல்லி.

பல்லி என்றதும் சுவரைப் பார்க்காதீர்கள். இது லெப்பர்ட் கெக்கோ. சுவர் ஏறவே தெரியாது. ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளி. நம்மை மாதிரியே கண்ணை மூடித் திறக்கும். சும்மா இருக்கும்போதும் சிரிக்கிற மாதிரியே வாய். நிவேதா காலேஜில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கியது. பெயர் பூந்தி.

அந்தப் பூந்தி ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருந்தது. டப்பா ஜி.எஸ்.எம். தராசின் மேல் இருந்தது. துணி ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று பார்க்க எங்கள் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற சின்னத் தராசு. அரை கிராம் குறைந்தால்கூடக் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுத்துவிட்டது. டப்பாவைக் கழித்து, நாற்பத்தெட்டு கிராம்.

"அப்பா," என்றாள் நிவேதா. "நான் போறப்ப அறுபத்திரெண்டு."

நான் ஃபேனைப் பார்த்தேன்.

"தினமும் சாப்டுதுன்னு சொன்னீங்க?"

"சாப்டுச்சு கண்ணு... முன்னாடி..."

"எப்ப முன்னாடி?"

"இருபத்திமூணு நாளாச்சுல்லா," என்றாள் ஸ்டெல்லா, பீஸில் நூல் வெட்டிக்கொண்டே. தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. கேட்காத கேள்விக்கும் பதில் சொல்லுவாள். "அண்ணாச்சி நோட்டுல எழுதி வச்சிருக்காவள்லா. பாக்கலியா நீ?"

நோட்டையும் எடுத்துக் கொடுத்தாள்.

நிவேதா நோட்டைப் புரட்டினாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பூந்தியின் வாலை ஒற்றை விரலால் தடவினாள். பாருங்கள், இந்த ஜாதிப் பல்லிக்கு வாலில்தான் கொழுப்பு சேமிப்பு. நம்ம பி.எஃப். மாதிரி. சம்பளம் நின்றுபோனால் அதை எடுத்துத்தான் நாளை ஓட்டும். கட்டை விரல் தடிமனில் இருந்த வால், பென்சிலாகப் போயிருந்தது.

அப்போதுதான் சம்பந்தியம்மா வாயைத் திறந்தார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. ஒரு பத்து நாளு எங்க ஊட்டுல வெச்சுப் பாக்கட்டுங்களா?"

எங்கள் முறைப்படி, என் மகளுக்கு அவர் அத்தை. எனக்குத் தங்கச்சி முறை. பேச்சும் தங்கச்சி மாதிரியேதான் இருந்தது. ஆனால் எனக்கு அடிவயிற்றில் எரிந்தது பாருங்கள்... காலையில் சாப்பிட்ட இட்லியின் மேல் பழி போட்டேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லையென்றால் என்னை ஒரு கொடுமைக்காரன் என்று நினைப்பீர்கள்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என்னைத் தெரியும். கேஸை மூடினேனா என்று பெருமாநல்லூர் வரை போனபின் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்த ஆள். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், பதின்மூன்று வயதில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்தவன். அன்றிலிருந்து இன்று வரை என் பிழைப்பு ஒன்றே ஒன்றுதான். பார்ப்பது. ஊசி ஓட்டை, ஆயில் கறை, விட்டுப்போன தையல். மேஜைக்கு மேலே இரண்டு வரிசை டியூப் லைட். அதற்குக் கீழே குனிந்து பார், பார், பார். பார்க்காமல் விட்டது எதுவோ அதுதான் கப்பலேறிப் போய் நம்மைக் கெடுக்கும். இது தொழில் சொல்லிக்கொடுத்த பாடம். பயந்தவனுக்குச் சரியான தொழில்!

ஆவணியில் நிவேதாவுக்குக் கல்யாணம். "புதுசாப் போற ஊட்டுக்குப் பல்லியத் தூக்கீட்டா போவாங்க? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்றாள் சாந்தாமணி. நாலு பேர் யாரென்று இன்று வரை சொல்லவில்லை. பூந்தி எங்களிடமே தங்கியது.

மகள் போன வீடு எப்படி இருக்கும் என்று கட்டிக்கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியாது. ஆனால் தினம் மூன்று தடவை போன் வந்தது. காலை, மதியம், சாயங்காலம். எடுத்ததும் ஒரே கேள்விதான்.

"அப்பா, பூந்தி சாப்டுச்சா?"

நான் சாப்பிட்டேனா? அது இரண்டாவது கேள்வி. சில நாள் அதுவும் கிடையாது.

ஒரு நாள் எனக்கு நூற்றிரண்டு டிகிரி காய்ச்சல். போர்வைக்குள் கிடக்கிறேன். போன். "அப்பா, பூந்தி தொட்டிக்கு அடியில இருக்கற ஹீட் மேட் சூடா இருக்குதா?"

இருந்தது சாமி. அதுவும் சூடு, நானும் சூடு.

இருபத்துநாலு வருஷம் வளர்த்தவன் நான். முந்தாநாள் வந்த ஒரு பல்லி. ஒரு மனுஷன் பல்லியைப் பார்த்துப் பொறாமைப்படலாமா என்று கேட்பீர்கள். பட்டேன். கண்ணாடித் தொட்டிக்கு முன்னால் நின்று, "உனக்கு வந்த வாழ்வப் பாரு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒன்றையும் யோசித்தேன். அது இருக்கிறதால்தான் மூன்று போன். அது இல்லாவிட்டால்? மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குச் சும்மாச் சும்மா போய் நிற்க முடியாது. மரியாதையாக இருக்காது. நாமும் காரணமில்லாமல் மூன்று வேளையும் போன் போட முடியாது. ஆக, பூந்தி நன்றாக இருந்தால் எனக்கு என் மகள் உண்டு. பூந்திக்கு ஒன்று என்றால்...

பயம் பிடித்துக்கொண்டது. மாடியில் அவளுடைய ரூமில் தனியாக இருந்தால் யார் பார்ப்பது? தொட்டியைக் கீழே இறக்கினேன். செக்கிங் மேஜையில், சரியாக டியூப் லைட்டுக்கு நேர் கீழே வைத்தேன். இனி கண்ணு முன்னாடி இருக்கும். ஒரு குறையும் என் கண்ணுக்குத் தப்பாது.

அன்றைக்கே சாப்பாட்டை நிறுத்தியது.

முதல் நாள், வயிறு சரியில்லை போல என்று விட்டேன். இரண்டாம் நாள் புழுவை மாற்றினேன். மூன்றாம் நாள் நூல் வெட்டுகிற ட்ரிம்மரின் நுனியில் புழுவைப் பிடித்து அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டினேன். அது கண்ணை மூடிக்கொண்டது. அப்படியே... மெதுவாக... டாக்டர் ஊசியைப் பார்த்த குழந்தை மாதிரி.

புழு பிடிக்கவில்லையோ என்று, சில்வண்டு மாதிரிக் கத்துகிற பாச்சை வாங்கி வந்தேன். பேர்ட்ஸ் விற்கிற கடையில் கிடைக்கும். டப்பாவைத் திறக்கும்போது ஒரு பாச்சை குதித்து, பேக்கிங் ஆகி அடுக்கியிருந்த பெட்டிப் பக்கம் போய்விட்டது. உள்ளே என்ன தெரியுமா? வெளிநாட்டுக் குழந்தைகள் போடுகிற சட்டை! அங்கே ஒரு அம்மா கவரைப் பிரிக்கிறாள், உள்ளேயிருந்து கிரீச் கிரீச்... எனக்கு வேர்த்துவிட்டது. நாற்பத்திரண்டு பெட்டியையும் பிரித்துத் திரும்ப ஒட்டினேன். பாச்சை கிடைக்கவில்லை. இன்று வரை கிடைக்கவில்லை. கப்பல் போய்விட்டது.

"என்ன அண்ணாச்சி, ஒரு பல்லிக்குப் போயி இம்புட்டுப் பாடு?" என்றாள் ஸ்டெல்லா. "எங்கூர்ல அது பாட்டுக்குச் செவுத்துல கெடக்கும். யாரும் சாப்டியான்னு கேக்க மாட்டோம்."

மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். நல்ல மனுஷர். "பல்லிங்களா?" என்று ஒரு தடவை கேட்டார். "பல்லியேதானுங்களா?" என்று இன்னொரு தடவை கேட்டார். அப்புறம் கோயமுத்தூரில் தெரிந்த டாக்டருக்குப் போன் போட்டுப் பேசி, வாயைப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார்.

"புண்ணு இல்லீங்க, கட்டி இல்லீங்க. தொந்தரவு பண்ணாம விட்டுப் பாருங்க. வாலு ரொம்ப மெலிஞ்சுட்டே போச்சுன்னா கோயமுத்தூர் கொண்டுபோயிருங்க. லேட் பண்ணீராதீங்க."

தொந்தரவு பண்ணாமல்! அன்றைக்கே ஸ்டெல்லாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், யாரும் தொட்டிப் பக்கம் வரக் கூடாது என்று. நான் மட்டும்தான். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளை கையில் எடுத்து எடை போடுவேன். நடுவில் மணிக்கு ஒரு தடவை முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்ப்பேன். நோட்டில் தேதி, நேரம், கிராம். குறை இருந்தால் சிவப்புப் பேனா.

பக்கம் பக்கமாகச் சிவப்பு.

போனில் மட்டும், "சாப்டுச்சு கண்ணு. மூணு புழு. நல்லா ஜம்முனு இருக்குது." கோயமுத்தூர் போனால் விஷயம் வெளியே வந்துவிடும். உண்மையைச் சொன்னால் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள். எடுத்துக்கொண்டு போய்விட்டால், அப்புறம் என்ன கேட்க எனக்குப் போன் வரும்?

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வாருங்கள்.

கார் புறப்பட்டது. தொட்டி சம்பந்தியம்மா மடியில். பக்கத்தில் என் மகள். ஜன்னலுக்குள் குனிந்து, நாலு பக்கம் எழுதிவைத்திருந்த குறிப்பைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "எனக்குக் கண்ணாடி இல்லாமத் தெரியாதுங்களே," என்று சிரித்தார். தராசையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். "அது எதுக்குங்க அண்ணா? ஆளப் பாத்தாத் தெரியாதுங்களா?"

தெரியாதுங்க! முப்பத்தஞ்சு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன், பார்த்தால் தெரியாது, தராசு வேண்டும். இப்படிச் சொல்ல வாய் வந்தது. கார் போய்விட்டது.

திங்கட்கிழமை காலை போன் வரவில்லை. மதியமும் வரவில்லை. சாயங்காலம் நானே போட்டேன்.

"கண்ணு, சாப்டுச்சா?"

"இல்லப்பா. அப்படியே படுத்திருக்குது."

இப்போது எழுதப் போவதைக் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு படியுங்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு இரவு இரண்டு தோசை சேர்த்துச் சாப்பிட்டேன்.

செவ்வாய். "இல்லப்பா." புதன். "இல்லப்பா." குரல் கம்மிக்கொண்டே வந்தது. ஒரு உயிர் அங்கே பட்டினி கிடக்கிறது. என் மகள் அழுகிற நிலையில் இருக்கிறாள். இங்கே ஒருத்தன், 'அப்படின்னா என் மேல தப்பில்ல' என்று உள்ளுக்குள் கணக்குப் போடுகிறான். வெட்கம்தான். ஆனால் இந்தப் பத்தியில் நான் பொய் எழுதியதில்லை. பொய் எல்லாம் போனில்தான்.

புதன்கிழமை ராத்திரி படுக்கும்போது வேறு பயம் வந்தது. கடைசியாக எடை நாற்பத்தெட்டு. மூன்று நாள் ஆச்சு. நாற்பத்தாறா? நாற்பத்தைந்தா? செத்துப் போய்விட்டால்? "சாமி, அது சாப்பிடட்டும்" என்று வேண்டிக்கொண்டேன். கூடவே ஒரு சின்ன விண்ணப்பம் – அந்தம்மா கையால் வேண்டாம்.

கடவுளுக்குப் பாதி விண்ணப்பம்தான் கேட்டிருக்கிறது.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணி. வீடியோ கால். நிவேதாவின் முகம் முழுக்கப் பல். "அப்பா! சாப்டுச்சுப்பா! மூணு புழு! உண்மையான மூணு புழு!"

அந்த 'உண்மையான'வைக் கவனித்தீர்களா?

"அத்தைதாம்ப்பா! அத்தை எப்படியோ சாப்பிட வெச்சுட்டாங்க!"

சாந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நெம்ப சந்தோசம் கண்ணு," என்று நானும் சொன்னேன். சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய், பார்த்து முடித்து வைத்திருந்த முந்நூறு பீஸை நானே மறுபடி பார்த்து நூற்றுப் பத்தை ரிஜெக்ட் பண்ணினேன்.

ஸ்டெல்லா ஒரு பீஸை வெளிச்சத்தில் பிடித்தாள். "இதுல என்ன டேமேஜ் அண்ணாச்சி?"

"உனக்குக் கண்ணு தெரியலையா?"

"எனக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் வேற என்னமோ தெரியுது."

அப்படி அவரிடம் என்ன இருக்கிறது? எனக்கு இல்லாதது என்ன? மாடு மேய்க்கிறார், தோட்டம் பார்க்கிறார். படிப்பு ஐந்தாவது. என்னைவிட மூன்று கிளாஸ் கம்மி! என் மகள் மூன்று மாதத்தில் "அத்தை வெச்ச ரசம்", "அத்தை சொன்னாங்க", "அத்தைக்குத் தெரியும்" என்று ஆகிவிட்டாள். போகட்டும், மகள் போனால் போனாள், ஊரில் நடக்கிறதுதான். இந்தப் பல்லியுமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன். காரணம் இருந்தது – கால்சியம் பவுடர் பாட்டில் எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. புழுவின் மேல் தூவிக் கொடுக்க வேண்டியது. அதை ஒரு பையில் போட்டுக்கொண்டேன். இன்னொரு பையில் தராசு.

"அத எதுக்குங்க?" என்றாள் சாந்தாமணி.

"சும்மா."

குன்னத்தூரில் நிவேதா வாசலிலேயே பையைத் தொட்டுப் பார்த்தாள். "அப்பா, இது வண்டியிலயே இருக்கட்டும்." வைத்துவிட்டு வந்தேன்.

பூந்தியை எங்கே வைத்திருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? சமையலறையை ஒட்டி, சின்ன வெங்காயம் கொட்டிவைக்கிற ரூம். கவிழ்த்த தக்காளிப் பெட்டி மேல் தொட்டி. அடியில் அதே ஹீட் மேட். ஜன்னலில் பழைய சாக்கு. லைட் கிடையாது.

"என்னுங்க இது, லைட்டே இல்லீங்களே? எப்படித் தெரியும்?"

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். "யாருக்குங்க தெரியோணும்?"

பழக்கத்தில் தொட்டிப் பக்கம் குனிந்தேன்.

"மொத நாலு நாளு நானும் ஒண்ணும் பண்ணலீங்க அண்ணா. பொழுது எறங்குனா புழுவ ஒரு மூடியில போட்டு உள்ள வெச்சுட்டு, நாம்பாட்டுக்கு என்ர வேலையப் பாப்பனுங்க. காலைல பாத்தா அப்படியே கெடக்கும். கோழிக்குப் போட்டுருவன். அஞ்சா நாளு மூடி காலியா இருந்துச்சு."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதானுங்க. திங்கறவங்க வாயவே பாத்துட்டு நின்னா யாருக்குங்க எறங்கும்? பச்சக் கொழந்தைக்குச் சோறு ஊட்டறப்ப வெளியாளு வந்தா, நாம அந்தப்பக்கம் திருப்பி உக்கார வெக்கறதில்லீங்களா?"

வைப்போம். நானே வைத்திருக்கிறேன். நிவேதா கைக்குழந்தையாக இருந்தபோது அவள் சாப்பிடும் நேரத்தில் யாரையும் உள்ளே விட்டதில்லை. கண் பட்டுவிடும் என்று முந்தானையால் மறைக்கச் சொல்லி சாந்தாமணியிடம் சண்டை போட்ட ஆள் நான். அதே ஆள், இருபத்திமூன்று நாள் ஒரு ஜீவனை இரண்டு வரிசை டியூப் லைட்டுக்குக் கீழே போட்டு, ராத்திரிப் பிராணியைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, மணிக்கொரு தரம் அதன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். போதாததற்கு மூன்று வேளை தூக்கித் தூக்கித் தராசில் போட்டிருக்கிறேன். டாக்டர் 'தொந்தரவு' என்று சொன்னது யாரை?

துணிக்குக் கண் படாது. எவ்வளவு வேண்டுமானாலும் பார்க்கலாம். அந்தப் பழக்கம்...

பொழுது இறங்கிவிட்டது. நிவேதா மூடியில் நாலு புழுவைப் போட்டு, கால்சியம் தூவி, உள்ளே வைத்தாள்.

"அண்ணா, நீங்க இந்தப்பக்கம் திரும்பி உக்காருங்க," என்றார் சம்பந்தியம்மா. ஒரு முறம் மொச்சைக்காயை என் முன்னால் கொட்டினார். "சும்மா உக்காந்தாத் திரும்பிப் பாக்கத் தோணும். உரிங்க."

தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் பால் கறக்கப் போய்விட்டார். நிவேதா என் பக்கத்தில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். ரூமுக்குள் பாதி இருட்டு. வெங்காய வாசம்.

கழுத்து வலிக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? திரும்பாமல் இருப்பதற்கு அவ்வளவு பலம் வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நிவேதா மெதுவாகக் கேட்டாள். "அப்பா... அம்மா சொன்னாங்க. நான் போன் பண்ணுனா மொதல்ல பூந்தியப் பத்தியே கேக்கறேன்னு உங்களுக்கு வருத்தமா?"

"சேச்சே. அதெல்லாம் இல்ல கண்ணு."

"பொய்யி."

நான் ஒரு காயை உரித்தேன்.

"உங்களக் கேட்டா என்னப்பா சொல்லுவீங்க? 'நல்லாருக்கறன் கண்ணு, வெச்சரட்டா?' அவ்வளவுதான். காய்ச்சல் அடிச்சாலும் நல்லாருக்கறன், காலு ஒடிஞ்சாலும் நல்லாருக்கறன். அரை நிமிசத்துல வெச்சுருவீங்க. பூந்தியப் பத்திக் கேட்டா பத்து நிமிசம் பேசுவீங்க. அங்க படுத்துச்சு, இங்க திரும்புச்சு, கண்ண மூடுச்சுன்னு... எனக்கு இங்க வந்த புதுசுல யாருகிட்ட என்ன பேசறதுன்னே தெரியல. அந்தப் பத்து நிமிசம் வேணும்னுதான் தினம் மூணு வாட்டி கேட்டேன்."

காய் கையிலேயே நின்றது.

மூன்று மாதம். தினம் மூன்று தடவை. நான் யாரைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்? என் மகள் எனக்காகக் கண்டுபிடித்து வைத்திருந்த ஒரு சாக்கைப் பார்த்து! எத்தனையோ ஆயிரம் பீஸில் ஒரு ஊசி ஓட்டையைப் பிடிக்கிற கண் இது. இதைப் பிடிக்கத் தெரியவில்லை.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அப்போது பின்னால் ஒரு சத்தம். மெல்லிய சத்தம். டப்பென்று. அப்புறம் மெதுவாக மெல்லுகிற சத்தம்.

முப்பத்தஞ்சு வருஷப் பழக்கம் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது. நிவேதா என் முழங்காலில் கையை வைத்தாள். "அப்பா."

திரும்பவில்லை.

இன்னொரு சத்தம். இரண்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடாமல் மொச்சையை உரித்தோம். மூன்று. எனக்கு மட்டும் கண்ணில் என்னவோ... வெங்காய ரூம் இல்லையா? அப்படித்தான் இருக்கும்.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், பாதி போயிருக்கிறது. பூந்தியின் மேல் இருந்தது சுத்தமாகப் போய்விட்டது. சம்பந்தியம்மா மேல் இருப்பது அப்படியே இருக்கிறது. அவர் என்ன, ஒன்றுமே செய்யாமல் ஜெயித்துவிட்டாரே! எதையும் செய்யாமல் ஒரு நாள்கூட என்னால் இருக்க முடிந்ததில்லை. அதற்கு எத்தனையாவது வரை படிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

பல்லி குன்னத்தூரிலேயே இருக்கட்டும் என்று நானேதான் சொன்னேன். யாரும் கேட்பதற்கு முன்னால். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுக்கியது. யாரும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். அந்த வீட்டில் அதில் கெட்டிக்காரர்கள்.

கிளம்பும்போது பர்ஸை எடுத்தேன். "புழுவுக்கு வாரம் எவ்வளவுங்க ஆகுது?"

"அட, நீங்க ஒண்ணு," என்றார் சம்பந்தியம்மா. "எம்பட மருமவ பல்லிக்கு எம்பட காசு."

எம்பட மருமவ! பார்த்தீர்களா? மறுபடி எரிந்தது.

"இல்லத்தை, பாதிப் பாதி," என்று நிவேதா குறுக்கே வந்தாள். "அப்பா, உங்க பங்கு வாரம் நூத்தியெழுவது. போன்லயெல்லாம் அனுப்பாதீங்க, நான் வாங்க மாட்டேன். ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை நேர்ல வந்து அத்தை கையில குடுத்துட்டுப் போங்க."

"இந்த வாரத்துக்கு இப்பவே..."

"அடுத்த வாரம் வாங்கிக்கறேன்," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வந்துவிட்டேன். போய், முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒரு முறம் காய் உரித்து, சத்தத்தை எண்ணிவிட்டு வருகிறேன். கிளம்புகிற நேரத்தில் பார்த்தால் இரண்டு தடவையும் பர்ஸைக் கொண்டுவரவில்லை. வாசல் தாண்டுவதற்குள் பர்ஸ், சாவி, போன் என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிற நான்!

சம்பந்தியம்மாவுக்கு நான் தர வேண்டிய புழுக்காசு, இன்றைய தேதிக்கு, ஐந்நூற்றுப் பத்து ரூபாய்.